இடப்பக்கம்

நாற்பதில் தொடங்கும்.
முப்பத்தெட்டில் இருக்காது.
முத்துப்பேட்டை ரயில்வே கேட் தாண்டி
ரோடு நேராகிற இடத்தில்
காலுக்குக் கீழே எங்கோ ஒரு ம்ம்ம்,
அடுத்த தெருவில் மாவு மில் ஓடுவது மாதிரி.
அறுபதில் அது ஊளை.

பின்னால் பன்னிரண்டு பெட்டி இறால்.
ஐஸ் காத்திருக்காது.
பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு
இரண்டு மாதம் ஓட்டினேன்.

திருத்துறைப்பூண்டிக்காரர்
கிராஸ் போயிடுச்சு என்றார். மாற்றினேன்.
மன்னார்குடிக்காரர்
பின் கிரவுன் வீல் என்றார்,
இருபத்தெட்டாயிரம் என்றார்,
டீ சொல்லட்டுமா என்றும் கேட்டார்.
டீ மட்டும் குடித்தேன்.

ஜபருல்லா எதையும் கழற்றவில்லை.
பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து
செருப்பை விட்டுவிட்டு
வெறுங்காலைத் தரைத்தகட்டில் வைத்துக்கொண்டார்.
கோரையாற்றுப் பாலம் இறங்கியதும்
'காலை எடுங்க.'
எடுத்தேன். அதே சத்தம்.
'மிதிங்க.'
மிதித்தேன். அதே.
'நியூட்ரல்.'
இன்ஜின் அடங்கி, வண்டி தன்பாட்டுக்கு வழுக்கிப் போக,
அது மட்டும் எங்களோடு வந்தது.

'சுமை இழுக்கிற சாமான்
இழுத்தா ஒரு குரல், விட்டா ஒரு குரல் கொடுக்கும்.
இது எதையும் இழுக்கலை.
சும்மா கூடவே சுத்திக்கிட்டு இருக்கு.
ஃபோர் வீல் கடைசியா எப்பப் போட்டீங்க?'

கார்த்திகையில்.
வாய்க்கால் உடைத்துக்கொண்ட ராத்திரி.

முன்பக்கம் இரண்டையும் ஜாக்கியில் ஏற்றினார்.
வலப்பக்க மூடியைத் திறந்து வைத்துவிட்டு
இடச் சக்கரத்தை முன்னால் உருட்டினார்.
வலச் சக்கரம் அசையவில்லை.
அதற்குள்ளே ஷாப்ட் மட்டும்
பின்னால் சுற்றியது.
மறுபடி உருட்டினார், எனக்குக் காட்ட.
இது முன்னால், அது பின்னால்.

இடப்பக்க டயலில் சேறு காய்ந்து ஓடாக இருந்தது.
ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார்.
முள் லாக்கில் நின்றது.

வலது என்னுடையது. இடது வைரக்கண்ணுவுடையது.
குளத்திலும் அப்படித்தான், பாதிப் பாதி.
அன்று தொடை வரைக்கும் தண்ணீர்.
ஆளுக்கொரு பக்கம் குதித்து, குனிந்து,
கை தடவித் திருகினோம்.
'போட்டாச்சா?'
'போட்டாச்சு!'
ஏரேட்டருக்கு டீசல் கொண்டுபோய்ச் சேர்ந்தபோது
கரையே இல்லை.
நாலரை மாத இறால் கடலுக்குப் போயிருந்தது.

திரும்பித் தார் ரோடு ஏறும்வரை பேசவில்லை.
ஏறியதும் பேசினோம்.
கரையை உயர்த்தச் சொன்னது யார்,
வேண்டாம் என்றது யார்,
யார் வீட்டு நகை.
நான் இறங்கி என் பக்கத்தை எடுத்துவிட்டேன்.
அவனும் இறங்கினான்.
லைட் வெளிச்சத்தில் அவன் முதுகு
பஸ் ஸ்டாண்டு பக்கம் போனது.
எடுத்தாச்சா என்று கேட்க
அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்.

டயல் கையால் திரும்பவில்லை.
மரக்கட்டை வைத்து நாலு தட்டு.
ஆயிலைத் திறந்தால்
பால் விட்ட டீ நிறத்தில் வந்தது,
கார்த்திகைத் தண்ணீர், இந்தப் பங்குனியில்.
காந்தத்தை விட்டு எடுத்தார்.
நுனியில் மீன்செதில் மாதிரி இரும்புப்பொடி.

'உள்ள பல் கொஞ்சம் தின்னிருக்கு.
டூ வீல்ல ஓடறவரை சத்தம் வராது.
ஃபோர் வீல் போட்டா பேசும்.'
ஆயிலும் கூலியும் ஆயிரத்து எழுநூறு.
மன்னார்குடியாரின் டீயை நினைத்துச் சிரித்தேன்,
அவருக்குப் புரியவில்லை.

அறுபதில் இப்போது
பின்கதவுச் சங்கிலி கேட்கிறது.
பெட்டிகள் ஒன்றையொன்று இடிப்பது கேட்கிறது.
காரைக்காலில் ஐஸ் கம்பெனி ஒன்றில்
அவன் கணக்கு எழுதுவதாகச் சொன்னார்கள்.
நம்பர் இருக்கிறது. கூப்பிடவில்லை.

ஐப்பசிக்கு இன்னும் ஏழு மாதம்.
தண்ணீர் வந்தால்
வலது போட்டுவிட்டு
வண்டியின் மூக்கைச் சுற்றி வந்து
இடதும் நானே போடவேண்டும்.
வெறும் தரையில் நடந்து பார்த்தேன்.
ஒன்பது எட்டு.