சேற்றுக்குச் சான்றிதழ்

லிம் சூ காங் கரையில் நீர் வற்றும் நேரம் பார்த்து
ரஸ்லான் படகை நிறுத்தினார்.
முழங்கால்வரை இறங்கி அள்ளினோம்,
பதினெட்டு வாளி.
ஒரு சேற்றுத்தாவி மீன் கடைசிவரை
என்னையே முறைத்துக்கொண்டிருந்தது.

பிறகு எட்டு மாதம்.
உறையவைத்து, உலர்த்தி,
சிப்பித்துண்டும் வேர்நாரும் பொறுக்கி,
அரைத்து, மாவு சலிப்பதுபோல் சலித்து
(இல்லை, எந்த இடியாப்ப மாவும் இத்தனை நைசு கண்டதில்லை)
பெரிய உருளையில் மூன்று நாள் புரட்டினோம்,
தான் எந்த வாளிச் சேறு என்பதை
ஒவ்வொரு துகளும் மறக்கும்வரை.

அறுநூறு பழுப்புப் புட்டிகள்.
ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருந்தாக வேண்டும்.
குலுக்கல் போட்டு இருபதை எடுத்தோம்.
பத்தொன்பதில் ஈயம் ஒரே குரலில் பேசியது.
நானூற்றுப் பதினேழு மட்டும் கொஞ்சம் உரக்க.

விட்டுவிடலாம் என்றாள் பெய் லிங்.
சொல்லிவிட்டு அவளே மறுபடி எடை போட்டாள்.
அதிகாலை இரண்டு மணிக்குப் பிடிபட்டது:
அதை மட்டும் ஓரத்துத் தராசில் நிறுத்திருக்கிறோம்,
ஏர்கான் வாய்க்கு நேர் கீழே.
புட்டி பொய் சொல்லவில்லை.

கீழே இரவுக் காவலர் செங்குட்டுவன் கேட்டார்:
"அப்படி என்னதான் விக்கிறீங்க?"
"சேறு."
"வெலை?"
"அம்பது கிராம் முந்நூறு வெள்ளி."
"அப்ப என் பூட்ஸ்ல ஒரு ஆயிரம் வெள்ளி இருக்கு."
"இருக்கலாம் அண்ணே. எவ்வளவுன்னு தெரியாதே."

கிலோவுக்கு 41.7 மில்லிகிராம்.
கூட்டல் கழித்தல் 1.3.
அந்தக் கூட்டல் கழித்தலுக்குத்தான்
கண்ணுக்குக் கீழே இத்தனை கறுப்பு.
தன் சந்தேகத்தை அளந்து
பக்கத்தில் வைத்துக்கொள்ளாத எண்ணை
நாங்கள் வாசலிலேயே நிறுத்திவிடுவோம்.

சில புட்டிகளை அறுபது டிகிரி அடுப்பில்
அவசரமாகக் கிழடாக்கிப் பார்த்தோம்.
ஓராண்டு. ஈயம் அசையவில்லை.
மூடி திறக்காமல், வெயில் படாமல் வைத்தால்
பத்தாண்டு செல்லும் என்று
சான்றிதழில் கையெழுத்திட்டேன்.

அன்று மத்தியானமே மின்னஞ்சல் வந்தது:
என் வேலை அனுமதி, இன்னும் இரண்டு வருடம்.
கூட்டல் கழித்தல் எதுவும் போட்டிருக்கவில்லை.

எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில், நான் பார்க்காத ஒருத்தி,
தன் கருவியை நம்பலாமா என்ற குழப்பத்தில்
ஐந்நூற்றுப் பதினொன்றைக் கையில் எடுப்பாள்.
திறக்கும்முன் நன்றாகக் குலுக்கவும்
என்று எழுதியிருக்கிறேன்.
அந்த மீனைப் பற்றி எழுத
இடம் இல்லை.