ஐந்தாம் கட்டம்

கமரக்கா என்கிறார்கள் இந்த ஊரை.
முதல் தடவை வாக்கிடாக்கியில் கேட்டபோது
யாரோ ஓர் அக்காவைக் கூப்பிடுவதாக எண்ணித்
திரும்பிப் பார்த்தேன்.

பந்தயம் போகும் சாலைக்குக்
காய்ச்சல் பார்ப்பது என் வேலை.
காலை ஒன்பதரைக்கு மேட்டில் மண்டியிட்டு
தாரின்மேல் கருவியை நீட்டினேன்.
ஐம்பத்திரண்டு.
பத்தரைக்கு ஐம்பத்தெட்டு.
எழுந்தபோது பூட்ஸின் அடியைத் தார்
விட மனமில்லாமல் விட்டது.
வடக்கிலிருந்து வந்த காற்று
யாரோ ஏற்கெனவே மூச்சிழுத்து
மிச்சம் வைத்துப் போனது போலிருந்தது.
முந்தின தீயில் அடி கறுத்த மரங்கள்
சாலையின் இரு பக்கமும்.

இறக்கத்தில் மணிக்கு எண்பது கிலோமீட்டர்,
இரண்டு விரல் அகலத்து டயர்,
நூற்று முப்பத்தொரு பேர்.
ஒரு திருப்பத்தில் மட்டும் தார் இளகினால் போதும்.

வேலூரிலிருந்து தம்பி அழைத்தான்.
"நாப்பத்தி மூணுக்கா நிறுத்தப்போறீங்க?
கத்திரியில இங்க பந்தல் போட்டுக் கல்யாணமே நடக்குதுக்கா."
நடக்கிறதுதான்.
மாப்பிள்ளையை யாரும்
நெஞ்சு நிமிடத்துக்கு நூற்றெண்பது அடிக்க
மலையேறச் சொல்வதில்லை.

கூடாரத்துக்குள் வெயிலோடு பேரம் பேசினோம்
முக்கால் மணி நேரம்.
ஏற்றத்தை மட்டும் வெட்டினால்?
முப்பது கிலோமீட்டர் குறைத்தால்?
இன்னொரு பாட்டில் தண்ணீர் கொடுத்தால்?
விளம்பரம் தந்த நிறுவனத்து ஆள்
என் கருவி பழையதா என்று கேட்டார்.
வாரன் க்ளீஸன் தொப்பியைக் கழற்றி
உள்பக்கத்தைப் பார்த்தபடி இருந்தார்,
பதில் அங்கே எழுதியிருக்கிற மாதிரி.
பிறகு மைக்கைக் கேட்டு வாங்கினார்.

ஊர்க்கோடியில் ஆறு மாடி உயரத்தில்
ஓர் ஆடுகுதிரை. ஆடவே ஆடாது.
அதன் நிழலில் நின்ற பேருந்துகளில்
யாரோ கைதட்டினார்கள், யாரோ கதவை உதைத்தார்கள்.
பாஸ்க் நாட்டு மூத்த வீரர் ஒருவர்
ஷூவின் முடிச்சைப் போடவே இல்லை,
காலையிலிருந்தே.

லாக்லன் ஃபிட்ஸ்னர் என்னைத் தேடி வந்தான்.
அடுத்த ஊர்ப் பையன், இருபது வயது.
அவன் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் இந்தக் கட்டம்.
"அளந்தது யார்?"
"நான்."
"எந்த இடத்தில்?"
"மேட்டில். உன் அம்மா
வெள்ளைச் சாயத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறார்களே,
அதற்குப் பக்கத்தில்."
என் பூட்ஸைப் பார்த்தான். போய்விட்டான்.

ஒன்று நாற்பதுக்குக் காற்று திசை மாறியது.
முன்னறிவிப்பில் ஐந்து மணி என்றிருந்தது.
பந்தி முடியுமுன் வந்து நின்ற விருந்தாளி மாதிரி
தெற்கிலிருந்து குளிர்.
இரண்டரைக்கு இருபத்தாறு டிகிரி.
நானூறு ரொட்டிகளை வெட்டி வைத்திருந்தவர்
ஒன்றும் சொல்லாமல் சாஸேஜ் ஒன்றை என்னிடம் நீட்டினார்.
அதில் கடுகுச் சாறு அதிகம்.
ஒரு சிறுமி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள்,
என் கண்ணெதிரே.

விழாத நூற்று முப்பத்தொரு பேரை
எங்கே கொண்டுபோய்க் காட்டுவேன்?
உடையாத தோளெலும்புக்கு
எந்த மருத்துவர் சான்று தருவார்?
ஒருவேளை யாருமே விழுந்திருக்க மாட்டார்கள்.
அதையும் அளக்கும் கருவி என்னிடம் இல்லை.

ஆறு மணிக்குத் தடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தோம்.
யாரும் கேட்காமலே மறுபடி மண்டியிட்டேன்.
முப்பத்தொன்பது.
கீழே மூச்சு வாங்கும் சத்தம்.
கூடை வைத்த பழைய சைக்கிளில்
ஒரு பெண்மணி, முகமெல்லாம் சிவந்து.
பக்கத்திலேயே லாக்லன்,
ஒரு கை தன் ஹேண்டில்பாரில்,
மறு கை அவர் முதுகில்.
தள்ளிக்கொண்டே வந்தான்.

முடிவுக்கோட்டின் வளைவைக் காற்றிறக்கி
மடித்துவிட்டிருந்தோம்.
கடிகாரம் எப்போதோ வண்டிக்குள்.
பெயரின்மேல் இருவரும் நின்றார்கள்.
அந்த அம்மாள் குனிந்து பார்த்துச் சொன்னார்:
"கடைசி எழுத்து கோணலா இருக்குடா."