ஒட்டியும் ஒட்டாமலும்

எட்டாவது வாரம் முடிந்த திங்கட்கிழமை.
ப்ர்னோ நகரத்தின் மேல் மூடுபனி.
டிராமின் மணியோசை வருகிறது,
டிராமைக் காணோம்.

தொட்டுப் பார்க்க மூன்று பேர் வேண்டும் என்பது விதி.
ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது.
மூன்றாமவருக்குக் காய்ச்சல்.
டாக்டர் ராடோவான் என் கைகளைப் பார்த்தார்.
"பிளஷேனா, எதற்கு எதை வைத்தோம் என்று
உங்களுக்குத் தெரியாதுதானே?"

தெரியாது.
தீனி போடுகிறவளிடம் அதையெல்லாம் யார் சொல்கிறார்கள்.

ஈரத்துணிக்குள் பதினெட்டு முதுகுத் துண்டுகள்,
ஒவ்வொன்றும் நாலு கணு.
பழைய எண்களை அழித்துப் புது எண் போட்டிருந்தார்கள்.
தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கவிழ்த்துவிட்டு
ஒன்றும் அறியாததுபோல் சுவரைப் பார்க்கும் பதினாலாவது முயல்
இதில் எதுவோ.
தேடினேன்.
கவிழ்க்கும் குணம் எலும்பில் இருக்காது போல.

"ஐந்தாம் கணுவை இடது கையில் பிடியுங்கள்,
ஆறாவதை வலது கையில்.
மெல்ல மடக்குங்கள். மெல்ல நிமிர்த்துங்கள்.
அசையாவிட்டால் ஆம்.
அசைந்தால் இல்லை."

அசைவது தோல்வி.
இருபத்திரண்டு வருடமாகக் காலையில் கதவைத் திறந்ததும்
எது அசைகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சிலவற்றில் இடுப்பிலிருந்து சுரண்டிய
அதே முயலின் எலும்பு.
சிலவற்றில் வெள்ளைப் பீங்கான் மணல்.
பக்கவாட்டில் சிறகுபோல் நீளும் எலும்புகளைத்
துருவியால் இரத்தம் கசியும்வரை உரசி
மேலே பரப்பித் தைத்தது அன்று.
இன்று பழுப்புப் பாலம்போல் ஒன்று விரலுக்குத் தட்டுகிறது.
சிலவற்றில் பாலம் இல்லை,
பொரிந்த ரொட்டித்தூள்.

ஆம். ஆம். இல்லை. ஆம்.

பதினொன்றாவது துண்டு.
மடக்கினேன்.
அசைந்ததா, என் நாடி அடித்ததா?
மறுபடி.
பழைய நாற்காலியின் கால் அளவுக்கு ஓர் ஆட்டம்.
"டாக்டர், இது கொஞ்சம்."
"கொஞ்சத்துக்குக் கட்டம் இல்லை, பிளஷேனா."

என் தங்கை ட்ராஹோமீரா டிராம் ஓட்டுகிறவள்.
முதுகில் நான்கு திருகாணி, இரண்டு கம்பி.
முதுகு சரியாகிவிட்டது என்பாள்,
ஒட்டுப் போட எலும்பு எடுத்த இடுப்புதான்
மாடிப்படியில் கூப்பிடுகிறது என்பாள்.
இந்த மணல் பிடித்தால்
இனி வருகிறவர்களின் இடுப்பை
யாரும் திறக்க வேண்டாம்.
அதற்காகவும் நான் இந்தக் கூண்டுகளைக் கழுவியிருக்கிறேன்.
சம்பளத்துக்காகவும்.

வீட்டில் ஹைனெக் வளர்ப்பதும் முயல்தான்.
ஞாயிற்றுக்கிழமை பூண்டோடு அடுப்பில் வேகும்.
அப்போது எந்த எலும்பு எதனோடு ஒட்டியிருக்கிறது என்று
கேட்காமல்தான் கடிக்கிறேன்.

பதினொன்றுக்கு "இல்லை" என்று எழுதினேன்.
பிற்பகலில் தாள்களைப் பிரித்தார்கள்.
மற்ற இருவரும் "ஆம்".
ராடோவான் கோபப்படவில்லை.
கண்ணாடியைத் துடைத்தார்,
என் எழுத்தின் அருகே சின்னதாக ஒரு கேள்விக்குறி வைத்தார்,
பிறகு அதை அழித்தார்.
இருவர் சொன்னது நிற்கும்.
அதுவும் விதிதான்.

மாலையில் பனி இறங்காத நிறுத்தத்தில்
ட்ராஹோமீரா பணி முடிந்து இறங்கினாள்.
கையுறை ஒன்று நடைபாதையில் விழுந்தது.
நான் எடுப்பதற்குள் அவளே குனிந்தாள்.
ஒட்டிய இடம் பலகைபோல் அப்படியே நிற்க
அதற்கு மேலே உள்ள கணு
தன் பங்குக்கும் அதன் பங்குக்கும் சேர்த்து வளைந்தது.
கோட்டின் மேலாகவே எனக்குத் தெரிந்தது.

"என்னடி பார்க்கிறாய்?"
"ஒன்றுமில்லை."

அந்தக் கணுவைத் தொட்டுப் பார்க்கும்படி
யாரும் என்னிடம் சொல்லவில்லை.