நாற்பதாவது பூச்சி

எங்களிடம் ஒரு கோழி இருக்கிறது.
மார்பு மழிக்கப்பட்ட கோழி.
செவ்வாய்தோறும் அரைமணி நேரம்
பூச்சிகளுக்கு ரத்தம் ஊட்டும்.
கோழிக்குள் அந்தக் கிருமி பிழைக்காது,
ஆகவே இவை சுத்தமானவை,
கொச்சபம்பா ஆஸ்பத்திரிப் பின்கட்டில்
இருபத்தேழு டிகிரி இருட்டில்
நான் வளர்ப்பவை.

வின்சூக்கா.
கெச்சுவா மொழியில், தன்னை விழவிடுவது என்று அர்த்தம்.
கூரையிலிருந்து விழும்,
தூங்குகிறவர் முகத்தருகே.
கடித்து, குடித்து,
போகிற போக்கில் கழிந்துவிட்டுப் போகும்.
அந்தக் கழிவில் வந்தது
முப்பது வருடம் சும்மா இருந்து
ஒருநாள் இதயத்தைக் கேட்கும்.

எர்மிந்தா சோக்கே, வயது ஐம்பத்தொன்று,
புனாட்டாவுக்கு அப்பால் மண்சுவர் வீடு.
அவள் அண்ணன் உருளைக்கிழங்கு வயலில்
மூச்சு வாங்க உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை.
ஊன்றிய மண்வெட்டி
மறுநாள் வரை நின்றபடியே இருந்ததாம்.

நான்கு டப்பா. டப்பாவுக்குப் பத்து.
வாயில் வலைத்துணி.
பதினைந்து நாள் பட்டினி போட்ட பசி.
முன்கையில் இரண்டு, கெண்டைக்காலில் இரண்டாகக் கட்டினேன்.
"வீட்டில் கேட்காமல் கடித்தது,
இங்கே கைநாட்டு வாங்கிக்கொண்டு கடிக்கிறது"
என்று சிரித்தாள்.
காகிதமாய்ப் போனவை
திராட்சையாய்த் திரும்பின.

முப்பதாம் நாள்
வயிற்றை அழுத்தி ஒரு துளி,
கண்ணாடிச் சில்லு, நானூறு மடங்கு.
நாற்பதில் ஆறு பூச்சிக்குள்
நெளிந்துகொண்டிருந்தது அது.
திருடனையே சாட்சிக்கு அழைக்கும் பழைய முறை.
ஒரு துளி ரத்தத்தில் விடை சொல்லும் எந்திரம்
லா பாஸிலிருந்து வருகிறது, வருகிறது,
மூன்று வருடமாய் வந்துகொண்டேயிருக்கிறது.

மாத்திரை, அறுபது நாள்.
பன்னிரண்டில் உடம்பெங்கும் தடிப்பு.
நாற்பதில் பாதம் மரத்து,
செருப்பு கழன்றது தெரியாமல்
பேருந்து நிறுத்தம் வரை நடந்திருக்கிறாள்.
நிறுத்திவிடலாமா என்றார் டாக்டர் லிஸெத்.
விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு
"இருபதுதானே" என்றாள்.

ஒரு வருடம் கழித்து
மறுபடி நாற்பது.
கழுத்து கல்லாகும் வரை குனிந்திருந்தேன்.
முப்பத்தொன்பதில் தென்படவில்லை.
ஒன்று
இருபத்திரண்டாம் நாளே செத்துக் காய்ந்திருந்தது.

படிவத்தில் இரண்டு கட்டம்:
கூட்டல் குறி, கழித்தல் குறி.
செத்தது கணக்கில் சேராது.
முறை அதுதான், தப்பில்லை.

"போயிடுச்சா?"
தென்படவில்லை.
"நான் அதைக் கேட்கலையே."
தெரியும்.
"முப்பத்தொன்பதுன்னு போட்டிருக்கு. இன்னொன்று?"
செத்துப்போச்சு.
"எதனால?"

பதினேழு வருடத்தில்
ஒரு பூச்சியின் சாவுக்கு
காரணம் கேட்ட முதல் ஆள்.
தோலுரிக்கும்போது சிக்கியிருக்கும் என்றேன்.
ஒருவேளை குளிர்.
என் ரத்தமா என்று அவள் கேட்கவில்லை.
கையை மட்டும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கொஞ்சம் பொறுத்து,
வியாழக்கிழமை பூச்சுவேலைக்கு ஆள் வருகிறதென்றாள்.
மருந்தடித்துவிட்டுப் போனார்களாம்,
இருந்தாலும் வெடிப்பு வெடிப்புதானே.
கட்டிலோரச் சுவருக்கு மட்டும்
இரண்டு கை பூசச் சொல்லியிருக்கிறாள்.
பேரன் வில்மர் அந்தப் பக்கம்தான் படுப்பான்.
சுண்ணாம்பு விலையைச் சொல்லி
என்னிடம் நியாயம் கேட்டாள்.
அதிகம்தான் என்றேன்.

அவள் போன பிறகு
கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால்
எழுதிவைத்தேன்:
நாற்பது, சொல்லாமல் இறந்தது.
மேலே போனால் அழிப்பார்கள்.
அழிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை.
கோழி ஒற்றைக் கண்ணால் பார்த்தது.
மார்பில் முளைத்திருந்த புது இறகைப் பிடுங்கிவிட்டு
டப்பாவைக் கட்டினேன்.