பக்கம் 214

பிட்ஸ்பர்க்கில் ஜூன்.
நான்காம் மாடி. ஜன்னல் திறக்காது.
எனக்குக் கொடுத்த மேசைக்கு ஒரு கால் குட்டை;
அதற்கடியில் மடித்துச் செருகியிருப்பது
போன வருடம் பயிற்சிக்கு வந்தவனின் அறிக்கை.
சம்பளம் கிடையாது, பஸ் பாஸ் உண்டு.
கழுத்தில் தொங்கும் அட்டையில் ஓர் எழுத்துப் பிழையோடு
நான், ரெனாட்டா ஹ்லவாட்டி,
அரசியல் அறிவியல், இரண்டாம் ஆண்டு.

வழக்கறிஞர் பிங்க்னி ஒரு ஆப்பிளைக் கடித்தபடி சொன்னார்:
"பாலத்துக்குப் பாலம் போலீஸ் கேமரா.
போகிற வருகிற வண்டியின் நம்பரையெல்லாம் எழுதி வைக்கிறது.
எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், யார் எடுத்துப் பார்க்கிறார்கள்
என்று நகராட்சியைக் கேட்டோம்.
பதினோரு மாதம் கழித்து இதைக் கொடுத்தார்கள்.
எண்ணு."

எண்ணினேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
தேதி இருக்கும். நேரம் இருக்கும்.
நம்பரும் இடமும் இருக்கவேண்டிய இடத்தில்
கறுப்புப் பட்டை.
பகலெல்லாம் பட்டை பட்டையாகப் பார்த்துவிட்டு இறங்கினால்
தெருவைக் கடக்கும் கோடுகளிலும்
எதையோ மறைத்திருப்பதாகத் தோன்றும்.

மூன்றாம் வாரம், புதன்கிழமை.
ஒரு தேதியைப் பிரதி எடுத்து அட்டவணையில் ஒட்டினேன்.
மவுஸ் கொஞ்சம் நழுவியிருக்க வேண்டும்.
தேதியின் வாலைப் பிடித்துக்கொண்டு
கறுப்புக்கு அடியில் இருந்ததும் வந்து விழுந்தது.

அழிக்கவில்லை அவர்கள்.
மேலே ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஒரே நம்பர், நாற்பத்தொரு தடவை.
காலை 6:52, ஆற்றுப்பாலம்.
செவ்வாய்தோறும் 2:15, டயாலிசிஸ் நிலையம் இருக்கிற தெரு.
ஆறு மணிக்கு அதே வழியில் திரும்பல்.
மார்ச்சில் இரண்டு செவ்வாய் விட்டுப்போயிருக்கிறது.
ஏப்ரலில் செவ்வாய்க்கிழமைகளே இல்லை.
பிறகு ஞாயிறு காலை மட்டும்,
கல்லறைத் தோட்டத்துக்கு ஏறுகிற சாலை.

கேமராவுக்கு இது கதை அல்ல,
நாற்பத்தொரு வரி.
கோத்தது நான்தான்.
அந்தரங்கத்தைக் காக்க வந்த இடத்தில்,
ஆறிப்போன காபியோடு,
யாரோ ஒருவருடைய துக்கத்தின் வாசலைத் தள்ளித் திறந்து
உள்ளே போய் நின்றுகொண்டிருந்தேன்.

"எவ்வளவு பார்த்தாய்?" என்றார் பிங்க்னி.
"ஒருத்தரை."
திட்டவில்லை. மடிக்கணினியை மூடினார்,
தூங்குகிற பிள்ளை இருக்கும் அறைக் கதவைச் சாத்துவதுபோல.
"இதை வைத்தே ஜெயிக்கலாமே" என்றேன்.
"ஜெயிக்கலாம்தான்."
சொல்லிவிட்டு நகராட்சிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்:
உங்கள் ஆவணத்தில் மறைப்பு நிற்கவில்லை,
கண்டதும் படிப்பதை நிறுத்திவிட்டோம்.
'கண்டதும்' என்ற சொல்லில் சற்று நின்றார்.
என்னைப் பார்க்காமல் அதை அடித்துவிட்டு,
'நாற்பத்தொரு வரிக்குப் பின்' என்று எழுதினார்.

கோப்பை அழித்தேன். அழித்தவற்றின் கூடையையும் காலி செய்தேன்.
செவ்வாய் மட்டும் வாரம் தவறாமல் வந்தது.
மணி இரண்டேகால் ஆகும்போது
என்ன வேலையில் இருந்தாலும் நிமிர்ந்துவிடுவேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு படிவம் தந்தார்கள்:
இங்கே நீ தெரிந்துகொண்டவை?
மூன்று கோடு விட்டிருந்தது.
மனு எழுதும் முறை, மேல்முறையீட்டுக் கெடு,
எண்ணும்போது பேசக்கூடாது
என்று நிரப்பிக் கொடுத்தேன்.

அன்று மாலை பாலத்தில் நெரிசல்.
பஸ் ஜன்னலுக்குக் கீழே ஒரு சாம்பல் நிறக் கார்.
பின் தகட்டில் முதல் மூன்று எழுத்து படித்ததுமே தெரிந்துவிட்டது.
வரிசை நகர்ந்தது. கார் முன்னே வந்து
ஓட்டுகிறவரின் ஜன்னல் என் ஜன்னலுக்கு நேராக வரப்போகிறது.

எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.
பக்கத்தில் வெல்டிங் கையுறையோடு ஒருவர் தூங்கிவழிந்தார்.
பாலம் முடிகிறவரை ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
நிலக்கரிப் படகு ஒன்று போயிற்று.

அந்தக் காரில் இருந்தது ஆணா பெண்ணா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.