கார்பன் தாள்

பாதிரியார் அறைத் தட்டச்சு எந்திரத்தில்
‘ஆர்’ எழுத்து மட்டும் விழாது.
ரேஸ் என்று அடிக்க அது வேண்டும்,
பிரிசன் என்று அடிக்கவும்.
ஆர்விஸ் பெட்வே தன் பெயரைப் போடவும் வேண்டும்.
இடம் விட்டு அடித்துக்கொண்டே போவேன்.
பிறகு இரண்டு பிரதியிலும்
பென்சிலால் நிரப்பிக்கொண்டு வருவேன்,
முளைக்காத குழிகளில்
மறுபடி பருத்திவிதை ஊன்றுவதுபோல.

கட்டுரை இப்படித் தொடங்கியது:
"மண்வெட்டி, ஒன்றே முக்கால் டாலர்.
கோணிப்பை, இருபது சென்ட்.
நான், நாளொன்றுக்கு, ஒன்றுமில்லை."
இதில் அரசியல் எங்கே என்றேன்.
அடி, என்றான்.
அடித்தேன்.

வாரம் ஒரு பக்கம் வரும்,
சோப்பு உறைகளின் உட்புறத்தில்,
அலபாமாச் செம்மண் ஒட்டிய விரல்தடங்களுடன்.
ஒருமுறை ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டேன்.
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
மூன்றாம் நாள், களத்தில், முதுகு நிமிராமல் சொன்னான்:
"அங்கேதான் நான் மூச்சு வாங்குகிறேன்.
அதையும் எடுக்க நீ என்ன
வார்டனா?"

ஐந்தாம் பக்கத்தில் சமையற்கட்டு வருகிறது.
வெள்ளைக் கைதிகள் கூரைக்கு அடியில்,
நாங்கள் குதிரைக்காரனின் துப்பாக்கிக்கு அடியில்;
இருவருக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி,
ஆனாலும் அவர்களுக்கு நிழல்தான் சம்பளம்.
அடுப்படிக் கார்ல் ஹட்செல்
அதைப் படித்துவிட்டு என்னைத் தேடி வந்தான்,
கையில் இரும்புக் கரண்டியோடு.
முடிந்தது கதை என்று சுவரில் சாய்ந்தேன்.
"எழுதியிருப்பது சரிதான்.
என் பேருக்கு இரண்டு எல்" என்றான்.
அந்த வாரமே உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில்
ஒரு பிரதி பன்றிப் பட்டிக்குப் போனது.
அங்கிருந்து எங்கே என்று
இன்றுவரை தெரியாது.

இன்னொரு பிரதி கேப்டன் மேசையில்.
"இதில் நாங்கள், நாங்கள் என்கிறாயே,
யார் அந்த நாங்கள்? பட்டியல் கொடு."
"தினமும் ஐந்து வேளை எண்ணுகிறீர்கள்.
உங்களிடம் இல்லாத பட்டியலா?"
தொண்ணூறு நாள் இருட்டுக் கொட்டடி.
என்னைக் கேட்டார்கள்.
ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகள் மட்டும்தான்
அடிப்பேன் ஐயா, என்றேன்.
அந்த வரியை நான்
எந்தத் தாளிலும் அடிக்கவில்லை.

சோப்பு உறைகளை எடுத்தார்கள், பென்சிலை எடுத்தார்கள்,
ரிப்பனைக்கூட உருவிக்கொண்டு போனார்கள்.
மேசை இழுப்பறையில், ஜெபப் புத்தகத்துக்குள்
கார்பன் தாள் அப்படியே கிடந்தது.
செருப்புக்குள் மடித்து எடுத்துவந்து
இரவு, வராந்தா பல்புக்கு நேரே பிடித்தேன்.

முழுக் கறுப்பு.
அடி விழுந்த இடங்களில் மட்டும் வெளிச்சம்.
பன்னிரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாக:
கோணிப்பைக்குள் நீதிபதி,
நீதிபதியின் குறுக்கே மண்வெட்டி,
ஹட்செல் பெயரில் ஒரே ஒரு எல்.
காற்புள்ளிகள் ஊசித்துளைகளாக.
ஒரு சொல்லும் முழுசாக எழவில்லை.
ஆர் விழாத இடங்கள் எங்கே என்று தேடினேன்.
ஒன்றை இன்னொன்று நிரப்பியிருந்தது.
கடைசிப் பக்கத்தின் அடி ஓரத்தில் மட்டும்
அவன் பெயர் தனியே நின்றது,
நடுவில் ஒரு கறுப்புக் கட்டத்தோடு.

கையில் பென்சில் இல்லை.
வாயால் சொல்லிப் பார்த்தேன்.
ஆர்.
ஆர்.
பக்கத்துப் படுக்கையிலிருந்து, யாரங்கே உறுமுவது, என்றது ஒரு குரல்.
வாசிக்கிறேன் என்றேன்.
விடிந்தால் களை வெட்டணும், படு, என்றான்.