ஒன்பதாம் வரி

பாயான் லெப்பாஸ், எட்டாம் மாடி.
பாலம் விளக்குப் போட்டுக்கொண்ட நேரம்.
ஹஸ்லினா டிக்கெட்டை என் பக்கம் தள்ளினாள்:
கிளினிக் பதிவில் ஒரு பெயர்
உள்ளே போக மாட்டேன் என்கிறது.

கோப்பைத் திறந்தேன்.
இருநூற்றுப் பதினேழு குறிகள்
மூச்சு விடாமல் ஒரே வரியில்.
அடைப்புக்குள் அடைப்பு, அதற்குள் இன்னொன்று.
எது எங்கே மூடுகிறதென்று விரல் வைத்து எண்ணினேன்;
பதினொன்றில் தொலைந்துபோனேன்.
தலைமேல் மலாயில் ஒரு குறிப்பு:
தொடாதே, வேலை செய்கிறது.

எழுதிய சீயோங் சிங்கப்பூர் போய் மூன்று வருடம்.
நல்லவன்தான்.
யார் பிறந்தநாள் என்றாலும் தாவ் சா பியா வாங்கி வருவான்.

தமிழில் புள்ளி வைத்தால்
எழுத்து வாயை மூடிக்கொள்ளும்.
ரெகெக்ஸில் புள்ளி வைத்தால்
எந்த எழுத்தும் வந்து உட்காரலாம்.
அதன் பின்னால் நட்சத்திரம் இருந்தால்
எத்தனை பேர் வந்தாலும் சரி,
ஒருவருமே வராவிட்டாலும் சரி.
பேராசை பிடித்த குறி அது.
வரி முழுக்க விழுங்கிவிட்டு
பிறகு ஒவ்வொன்றாய்த் துப்பும்.

அழித்துவிட்டுப் புதிதாய் எழுதத்தான் கை பரபரத்தது.
அழிக்கவில்லை.
முதலில் நாற்பது பெயர்களைச் சோதனைக்கு வரிசைகட்டினேன்:
பின், பிந்தி,
ஏ/எல், ஏ/பி, பழங்காலத்து எஸ்/ஓ,
குடும்பப்பெயர் முன்னால் வரும் ஊயி, அவருக்குத் தனிக் கிளை,
நடுவில் அட் குறி போட்டு
இரண்டு பெயரில் வாழும் ஒரு மனிதர்.

பிறகு பதம் பிரித்தேன்.
வெற்றிடத்தைக் கணக்கில் எடுக்காதே என்று
ஒரு கொடியை ஏற்றிவிட்டால்
இடம் விட்டு எழுதலாம்.
துண்டுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு பெயர்,
ஓரத்தில் மனுஷ பாஷையில் நாலு வார்த்தை.
இயற்பெயர்.
இடைவெளி.
உறவுக்குறி.
ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் நாற்பதையும் ஓட்டினேன்.
பச்சை. பச்சை. ஒருமுறை சிவப்பு,
என் கைத்தவறு. மறுபடி பச்சை.

மழை பிடித்தபோது மணி ஒன்பது.
கோப்பி ஓவில் ஐஸ் கரைந்து
வெறும் பழுப்புத் தண்ணீர்.

அப்போதுதான் கண்ணில் பட்டது.
ஒன்பதாம் வரி: தந்தை பெயர்.
அதன் வாலில் ஒரு கூட்டல் குறி.
ஒன்றாவது இருந்தே தீர வேண்டும் என்று அர்த்தம்.

இருநூற்றுப் பதினேழில் அது ஒரு தூசி.
தனி வரியில் நிற்கும்போது
கவுண்டரில் யாரோ குனிந்து,
பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி
கேட்கிற கேள்வி.

டிக்கெட்டை மறுபடி படித்தேன்.
யுவலோஷினி. ஆறு வாரம். தடுப்பூசி.
உறவுக்குறி இல்லை. அதற்குப் பின் எதுவுமில்லை.
தாய் மூன்று தடவை வந்து திரும்பியிருக்கிறாள்,
பட்டர்வொர்த்திலிருந்து, ஃபெர்ரியில்.

உறவுக்குறியையும் தந்தை பெயரையும்
ஒரே அடைப்பில் போட்டு
வெளியே ஒரு கேள்விக்குறி வைத்தேன்.
வெளியுலகில் அது குடையும்.
இங்கே, இருந்தால் இருக்கட்டும் என்று
ஒன்றும் கேட்காமல் உள்ளே விடும்.

நாற்பத்தொன்றாவது பெயராக அவளைச் சேர்த்தேன்.
பச்சை.

மலாய்க் குறிப்பை மலாயிலேயே மாற்றினேன்:
தொடலாம்.
தொட்டால்
நாற்பத்தொருவரையும் கூப்பிட்டுப் பார்.